குடத்தை எடுத்த வெள்ளிக்கிழமை

24.2.63 ஞாயிறு

பழைய சுவாமி யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார். இனித் திரும்பி வரமாட்டார். எண்பது வயது, இரண்டு காதும் கேளாது. பிரஞ்சு தேசத்தில் பிறந்து முல்லைத்தீவு வெயிலில் கருவாடாகக் காய்ந்த மனிதர். பஸ் ஏறுமுன் என் தலையில் கை வைத்தார். அழுதுவிட்டேன்.

"என்னம்மா, பெத்த தகப்பன் செத்த மாதிரி அழுறியள்" என்றாள் மகள் இராசாத்தி.

அவளுக்கு என்ன தெரியும். நான் அழுதது அவருக்காக இல்லை. அந்தச் செவிட்டுக் காதுகளுக்காக.

27.2.63 விபூதிப் புதன்

புதுச் சுவாமி இளந்தாரி. பாசையூர்ப் பக்கமாம். கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்த யாரோ இருமினதற்கு பீடத்தில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தார். நல்ல காது.

தபசுகாலம் தொடங்கிவிட்டது. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முன்னம் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் நன்மை, அந்தத் திவ்விய அப்பம், வாங்க வேண்டும். வருசத்துக்கு ஒரு தரமாவது, அது திருச்சபைக் கட்டளை. இருபது பாஸ்குவுக்கு நான் அந்த ஒரு பாவத்தைப் பழைய சுவாமியின் காதில் மெல்லச் சொன்னேன். கேளாது என்று தெரிந்துதான் சொன்னேன். அவரும் ஒவ்வொரு வருசமும் மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். கோழி திருடினவளுக்கும் அதே மூன்றுதான்.

கேளாத காதில் சொன்ன பாவம் மன்னிக்கப்பட்டதா? இவ்வளவு காலமும் மன்னிக்கப்பட்டது என்றுதான் இருந்தேன்.

3.3.63

மத்தேயு இன்றைக்கும் கடைசி வாங்கில். இன்றைக்கும் நன்மை வாங்க எழும்பவில்லை. 42ஆம் ஆண்டுக்குப் பிறகு அவன் ஒருநாளும் வாங்கினதில்லை. நான் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன்.

மத்தேயு என் புருசனுடைய தம்பி. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் வீடு. இருபத்தொரு வருசமாக அவனோடு நான் ஒரு சொல் கதைக்கவில்லை. ஊருக்குக் காரணம் சொல்லி வைத்திருக்கிறேன்: என் பிள்ளையைக் கொன்ற யப்பான்காரனைக் கடலில் இருந்து தூக்கி வந்து என் வலைக் கொட்டிலில் கிடத்தினவன் அவன். ஊர் ஒத்துக்கொண்டது. தாய் மனம் என்றார்கள்.

4.3.63

கனவில் கடல் வற்றிக் கிடந்தது. ஈரமே இல்லை, அலை நின்ற இடமெல்லாம் வெள்ளைச் சேலை விரித்தமாதிரி உப்பு. என் மகன் சவிரி அதன்மேல் நடந்து வந்தான். பதினெட்டு வயதில் திருக்கோணமலைத் துறைமுகத்து வேலைக்குப் போகும்போது போட்ட அதே சட்டை, இரண்டாவது பொத்தான் இல்லை. "நான் தைச்சுத் தாறன், கழட்டு" என்றேன். அவன் சிரித்தான். கழற்றவில்லை. விழித்தபோது என் கையில் ஊசி பிடித்தமாதிரி இரண்டு விரல் சேர்ந்திருந்தது.

10.3.63

பிரசங்கம்: சத்துருக்களைச் சிநேகியுங்கள்.

சொல்லுவார். பிள்ளையா குட்டியா அவருக்கு.

பழைய சுவாமி நாற்பதாம் ஆண்டு இதே பீடத்தில் நின்று சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம். நீதியான யுத்தத்தில் கொல்லுகிறவனுக்குப் பாவமில்லை, அவன் இராசாவின் கை, இராசா தேவனின் கை. அதுவும் சுவாமிதான், இதுவும் சுவாமிதான். ஒரே வேதப்புத்தகம். ஆர் சொல்லுறது சரி?

14.3.63

சுவாமி வீடு சந்திக்க வந்தார். கதிரையில் இருத்தி, இராசாத்தி தேத்தண்ணி கொடுத்தாள். மகள் உள்ளே போனதும் கேட்டேன்.

"சுவாமி, யுத்தத்தில கொல்லுறது பாவமோ?"

அவர் கோப்பையை வைத்துவிட்டார். "ஏனம்மா கேக்கிறியள்?"

"சும்மா."

அவர் சிரிக்கவில்லை. நியாயமான காரணம் இருக்க வேணும், ஆள்பவர் அறிவிக்க வேணும், வேறு வழி எல்லாம் முடிஞ்சிருக்க வேணும், ஆயுதம் இல்லாதவனைத் தொடக் கூடாது, திருச்சபை இப்படித்தான் படிப்பித்து வருகுது என்றார்.

"என்ரை பிள்ளை கையில ஆயுதமோ இருந்தது? கப்பலுக்கு மா மூட்டை ஏத்திக்கொண்டு நிண்டவன். மேலால வந்து குண்டைப் போட்டாங்கள்."

"அது பாவம்தான் அம்மா."

"அப்ப போட்டவன் பாவி."

"ஓம்."

"அந்தப் பாவி வயித்தில காயத்தோட கரையில வந்து கிடந்தால்?"

நான் இவ்வளவு தூரம் போக நினைக்கவில்லை. வாய் போய்விட்டது.

"கரையில கிடக்கிறவன் சண்டைக்காரன் இல்லை அம்மா, நோயாளி" என்றார். பிறகு தலையைக் குனிந்து, "எனக்கு இப்படிச் சொல்லுறது லேசு. நான் அந்த இடத்தில நிக்கேல்ல" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லுக்காக அவருக்கு ஒரு கட்டிப் பனங்கட்டி கொடுத்து விட்டேன்.

19.3.63 சூசையப்பர் திருநாள்

பூசைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குக் கிட்டப் போய்த் திரும்பிவிட்டேன்.

22.3.63

எழுதிவிடுகிறேன். இராசாத்தி வாசிக்கமாட்டாள், என் எழுத்து அவளுக்குப் புரியாது. மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து.

42ஆம் ஆண்டு சித்திரை, பாஸ்கு முடிந்த வியாழக்கிழமை. காலையில் தெற்கே இடி இடித்தது. மழை இல்லாத இடி. வெள்ளி விடியப் போன மத்தேயுவின் வள்ளம் அந்த மனிதனைக் கொண்டு வந்தது. ஏதோ பலகைத் துண்டைப் பிடித்துக்கொண்டு மிதந்தானாம். சின்ன ஆள். சவிரியின் உயரம்தான் இருப்பான். யாருடைய பிள்ளையோ என்று சொன்னது நான்தான். நானே சொன்னேன்! குடத்துத் தண்ணீரைச் சிரட்டையில் வார்த்துத் துளித்துளியாகக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். திறந்து, "மிசு" என்றான். அது தண்ணீர்தான் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திரும்ப வார்த்தேன்.

மத்தியானம் திருக்கோணமலையில் இருந்து ஓடிவந்த ஒருவன் சைக்கிளை வாசலில் போட்டான். சவிரி இல்லை என்றான். பொறுக்கி எடுக்கவும் ஒன்றும் இல்லை என்றான்.

நான் அழவில்லை. வலைக் கொட்டிலுக்குப் போனேன். அங்கே கிடந்தவன் கையை நீட்டினான். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக் குசினிப் பக்கம் போய் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்தேன். மிசு, மிசு என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பொழுதுபட்டுக் காற்று விழும் நேரம் அந்தச் சத்தம் நின்றுவிட்டது.

குடத்தைத் தூக்கும்போது மத்தேயு கொட்டில் வாசலில் நின்றான். பார்த்தான். அதுதான். அதற்காகத்தான் நான் அவனோடு கதைக்கிறதில்லை. யப்பான்காரனைக் கொண்டு வந்ததற்காக இல்லை. பார்த்ததற்காக.

23.3.63

நித்திரை இல்லை.

31.3.63

சவிரியும் அந்தப் பெடியனும், இரண்டு பேரும் கனவில். கோயில் வாங்கில் முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். எந்த முதுகு எவனுடையது என்று தெரியவில்லை. பெத்தவளுக்குத் தெரியவில்லை. பாட்டு நடக்கிறது, இலத்தீன் பாட்டு, ஆனால் எனக்கு எல்லாம் விளங்குகிறது. நடந்து நடந்து கிட்டப் போகிறேன், வாங்கு தூரத் தூரப் போகிறது, கடலில் போகிற வள்ளம் மாதிரி.

7.4.63 குருத்தோலை ஞாயிறு

புதுச் சுவாமியிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மத்தேயு முதலில் ஊரில் சொல்லி வைத்திருந்தால்? சுவாமியின் காதில் போட்டிருந்தால்? அவன் எவ்வளவு பார்த்தான் என்று அறியாமல் நான் முழந்தாளில் நிற்க மாட்டேன்.

10.4.63 புதன்

அந்த வெள்ளிக்கிழமையின் அதே திகதி. ஒழுங்கையைத் தாண்டினேன். பத்துப் பாகம், அறுபது அடி, தூரம்கூட இல்லை. 

மத்தேயு கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். தலையெல்லாம் நரைத்துவிட்டது, கிட்டப் பார்க்க என் புருசனைப் போலவே இருந்தான். என்னைக் கண்டு எழும்பப் பார்த்தான், முழங்கால் விடவில்லை.

"இரு" என்றேன். இருபத்தொரு வருசத்தில் முதல் சொல். "நீ அண்டைக்குப் பார்த்தனி தானே?"

"எதை மச்சாள்?"

"குடத்தை."

அவன் ஊசியைக் கீழே வைத்தான். 

"பார்த்தனான்" என்றான். "நீங்கள் கொண்டுபோய்க் குசினி வாசல்ல வைச்சியள். கதவைச் சாத்தினியள். குடம் வெளியாலதான் இருந்தது, மச்சாள்."

"ஓம்."

"நான் எடுத்துக் குடுத்திருக்கலாம்."

எனக்கு விளங்கவில்லை.

"பத்தடி. எடுத்து ஒரு சிரட்டை வார்த்திருக்கலாம். சவிரிக்கு நான் ஞானத்தகப்பன். கோயில்ல அவனைக் கையில ஏந்தினவன் நான். அவன் இல்லை எண்டு கேட்டாப் பிறகு எனக்குக் கை வரேல்ல. அந்தப் பெடியன் என்னையும் பார்த்துத்தான் கையை நீட்டினவன். நான் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்திட்டன். கடலால தூக்கினவனும் நான்தான், சாக விட்டவனும் நான்தான்." மூக்கைத் தோள் துண்டில் துடைத்தான். "நீங்கள் கதவு நீக்கலுக்குள்ளால அதைக் கண்டிட்டியள், அதுதான் கதைக்கிறேல்ல எண்டு நினைச்சன். நியாயம்தானே எண்டு நானும் வரேல்ல."

"அதுக்கோடா நீ நன்மை வாங்காமல் இருக்கிறாய்?"

"பழைய சுவாமியின்ரை காதுக்குக் கேட்காது. கேளாத ஆளுக்குச் சொல்லித் தப்புறது கள்ளம் எண்டு விட்டிட்டன்."

எனக்கு முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. இத்தனை வருசம் என்னுடையது என்று வைத்திருந்த பாவத்தில் பாதியை இவன் எடுத்து வைத்திருக்கிறான், எனக்குச் சொல்லாமல்.

"விசரா" என்றேன். "ரண்டு பேரும் விசர்." எழும்பி வந்துவிட்டேன்.

12.4.63 பெரிய வெள்ளி

சிலுவை முத்தி. தாகமாயிருக்கிறேன் என்று ஆண்டவர் சொன்ன இடம் வாசிக்கையில் வெளியே போய் நின்றேன். திரும்பிப் பார்த்தேன், மத்தேயுவும் வெளியேதான் நின்றான். 

13.4.63

சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன், வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

 அந்த யுத்தம் நீதியா, அந்தப் பெடியனின் தேசத்துக்கு எது நீதி என்று தனக்கு முழுதாகத் தெரியாது என்றார் சுவாமி. "ஆனால் தண்ணி கேட்டவனுக்குத் தண்ணி, அதில எனக்குச் சந்தேகம் இல்லை" என்றார். அது எனக்கு அந்த வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்துதான் இருந்தது. மத்தியானம் தெரியாமல் போயிற்று.

அபராதம்: மந்திரம் ஒன்றும் இல்லை. மத்தேயுவோடு ஒவ்வொரு நாளும் கதைக்க வேண்டும்.

"அதுக்கு முழுச் செபமாலை பத்துத் தரம் சொல்லுவன் சுவாமி" என்றேன்.

"கதையுங்கோ" என்றார்.

14.4.63 பாஸ்கு

நன்மை வாங்கினேன். எனக்குப் பின்னால் முழங்கால் முறிகிற சத்தத்தோடு ஒருவன் வந்து முழந்தாளிட்டான்.

28.5.63

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நேற்றுக் கடல் தண்ணீர் எடுத்துப் போனார்கள், பறை கேட்டது. உப்புத் தண்ணீரில் விளக்கு எரியுமாம். எரியட்டும்.

செத்தவர்களைப் புதைக்கும் எங்கள் சேமக்காலையின் வேலி உக்கிவிட்டது. புதுக் கதியால் தடிகள் நட்டு வேலி போடும்போது வடக்குப் பக்கம் நாலு பாகம் தள்ளிப் போட்டால், அன்று மத்தேயு வேலிக்கு வெளியே புதைத்த அந்தப் பெடியன் உள்ளே வருவான். ஞானஸ்நானம் பெறாதவனை உள்ளே வைக்கலாமா என்று கோயில் வேலை பார்க்கும் சங்கிலித்தாம் தொடங்கினார். மணல் அங்கேதான் இறுக்கம், கதியால் நிற்கும் என்றார் சுவாமி. அதோடு முடிந்தது.

மத்தேயு இடம் காட்டினான். பிழையான இடம்.

"தாழைக்கு இங்காலடா" என்றேன்.

"தாட்டவன் நானோ, நீங்களோ?"

"தாட்டது நீ. தாழையில இருந்து ஏழு அடி. இங்கை."

"நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தனியள். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பின்னால வந்து பார்த்தனான். தாழைக்கு அங்கால நிண்டனான்."

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு நான் காட்டின இடத்துக்கு வெளியே முதல் கதியாலை நட்டான். கோணலாக. அதற்கும் ஏசினேன்.

நாளைக்கு இரண்டாம் வரிசை. விடிய வரச் சொல்லியிருக்கிறேன், பிந்தினால் இருக்கு அவனுக்கு.