இரட்டைப்படைக் கணக்குகளுக்கு விடை இல்லை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஒரே தம்பியும் இந்தச் சரக்குக் கிடங்கின் தள்ளுவண்டிச் சக்கரவர்த்தியுமான நான் எழுதுவது. அத்தானின் மூட்டுவலி குறைந்ததா?

நான் இயற்பியல் படிக்கிறேன். சிரிக்காதே. இணையத்தில் யானை கனத்துக்கு ஒரு பாடப்புத்தகம், முழுக்க இலவசம். எனக்கு அப்போதே சந்தேகம். அறைத்தோழனும், "ஓசியில எவண்ணே குடுப்பான்? போன்ல இருக்கறத எல்லாம் உருவிடுவான், பாருங்க" என்றான். கடைசிப் பக்கம் வரை துழாவித் திருட்டைப் பிடித்துவிட்டேன்! ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை எண் போட்ட கணக்குகளுக்கு மட்டுமே விடை இருக்கிறது. மற்றவற்றைப் பதுக்கிவிட்டார்கள்.

விடையில்லாத கணக்கு ஒன்று: சரிவில் வைத்த பெட்டியை உராய்வு பிடித்து நிறுத்துமா, பெட்டி வழுக்குமா? நிறுத்தும் என்று போட்டேன். சரிபார்க்க ஆளில்லாததால் கிடங்குச் சரிவிலேயே ஒரு பெட்டியை வைத்துப் பார்த்தேன். அது இறங்கி வந்து இமயமலை போல என் கால் கட்டைவிரலில் உட்கார்ந்தது. பயப்படாதே, நகம் மட்டும்தான் போயிற்று. மேற்பார்வையாளர்தான், "லீவுக்காக வேணும்னே பண்ணியா?" என்று இன்னும் முறைக்கிறார்.

உன் மகள், என் மருமகளும் இதே பாடத்தைத்தானே படிக்கிறாள்? போனில் என்னிடம் "ம்" என்பதோடு சரி. அந்த இரட்டைப்படைக் கணக்குகளை அவளைப் போடச் சொல். விடையை எழுதி அனுப்ப வேண்டாம், வாயால் சொல்லட்டும். "தப்பு மாமா" என்று திட்டினாலும் பரவாயில்லை. எனக்கு எதுவும் சீக்கிரம் புரியாது என்று மட்டும் அவளிடம் சொல்லிவை.

வேலை மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உன் தம்பி