என்ரை கூறையும் தம்பியின்ரை காற்சட்டையும்

மார்ச் 12, வியாழன்
உறைபனி மழை. காரிலை ஐஸ் சுரண்ட இருபது நிமிசம். மிசிசாகா வேலைக்குப் பிந்திப் போய் சுப்பர்வைசரிட்டைப் பேச்சு வாங்கினன்.

திரும்பி வந்தா தம்பி தயா வந்து இறங்கியிருக்கிறான், லண்டனிலையிருந்து. சனிக்கிழமை டவுன்ரவுனிலை பாட்டு ஷோவாம். மேடையிலை பெயர் டே வெல்வெட். வயது நாற்பத்தாறு, முகம் முழுக்க மினுக்கம்.

பாத்ரூமிலை: கிளிட்டர் மூண்டு டப்பா, ஹெயர் ஸ்பிரே, ஒட்டு இமை. என்ரை வெள்ளைத் துவாயிலை நீலச் சாயம்.

இருபது வருசமா உதுதான். முதல் அல்பம் ஓடினது. அடுத்த ரெண்டும் படுத்தது. பிறகு பிஸ்கட் விளம்பரத்துக்குப் பாட்டு. அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு வரேல்லை, ஜேர்மனியிலை ஊர் ஊராக் கச்சேரி. இப்ப கிளாம் ரொக், உந்த மினுக்க உடுப்புப் பாட்டு, திரும்பவும் எடுபடுதாம். உவனும் வெளிக்கிட்டிட்டான்.

மார்ச் 13, வெள்ளி
மகள் அபி போனிலை அவன்ரை பேட்டி காட்டினாள். கால் முழுக்கச் சிவப்பு, பொன் சரிகை. “அம்மாவின்ரை சீலையிலை தைச்ச காற்சட்டை” எண்டு கண் கலங்குறான்.

அம்மாவின்ரை இல்லை. என்ரை. முதல் கலியாணத்துக் கூறைச் சீலை. எட்டு மாசத்திலை அந்த ஆளை விட்டிட்டு வரேக்கை இவனிட்டைக் குடுத்து எறியச் சொன்னது. அபிக்கு அந்தக் கலியாணமே தெரியாது.

அவள் குளிக்கப் போனதும் தயாவிட்டைக் கேட்டன்.

“நீதானே வேண்டாம் எண்டு சொன்னனீ, அக்கா.”

“எறியச் சொன்னனான். போட்டுக்கொண்டு ஆடச் சொல்லேல்லை.”

“அம்மாவின்ரை எண்டாத்தான் சனம் உருகும். உன்ரை எண்டு சொல்லட்டே?”

நாய்.

மார்ச் 14, சனி
வெயில். ஆனா குளிர் மைனஸ் ஒன்பது. அவன் சவுண்ட் செக்குக்குப் போனான். மேடையிலை உளற முதல் நானே சொல்லுவம் எண்டு அபியை இருத்தினன். அப்பாவுக்கு முதல் ஒருத்தனைக் கட்டினனான் எண்டன்.

“தெரியும் அம்மா. மாமா சொன்னவர். அப்ப நான் கிரேட் டென்.”

நாலு வருசம். அவளும் வாய் திறக்கேல்லை.

ஷோவுக்கு அவள் போனாள். நான் போகேல்லை. உடுப்பு மடிச்சன். மடிச்சதையே திரும்ப மடிச்சன்.

மார்ச் 15, ஞாயிறு
பெட்டியோடை நிண்டான். எயார்போட்டிலை கொண்டுபோய் விடட்டாம். டாக்ஸி பிடி எண்டன்.

“இனி என்ரை சீவியத்திலை கை வைக்காதை, தயா.”

“புதுப்பாட்டே உன்னைப் பற்றித்தான், அக்கா. நேற்றுத்தான் முதல் தரம் பாடினனான். எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை. அபி அழுதவள்.”

சிரிக்கிறான்.

பெட்டியைத் தூக்கி வெளியிலை வைச்சன். அவனும் பின்னாலை வந்தான். உள்ளுக்கு வந்து கதவைப் பூட்டினன்.

பெல் அடிக்கிறான். அடிக்கட்டும்.