என்னை ‘வரவில்லை’ என்று பதியக் கோருதல்

அனுப்புநர்:
மகளிர் குழு உறுப்பினர்,
துணி திருத்தும் தையற்காரி
(‘ஜிப்பு அக்கா’ என்று கேட்டால் காட்டுவார்கள்),
தெருக்கோடி வீடு, கீழ்த்தளம்.

பெறுநர்:
உயர்திரு வட்டார அலுவலர் அவர்கள்,
மகளிர் குழுக்கள் ஒருங்கிணைப்பு அலுவலகம்.

பொருள்: குழுக் கூட்டம் ஒன்றில் நான் கலந்துகொண்டதாகச் செயலியில் பதிவாகியிருப்பதை நீக்கி, ‘வரவில்லை’ எனத் திருத்தக் கோருதல் – வராத உறுப்பினரின் வீட்டுக்கு நேரில் சென்று பார்க்கும் வழக்கம் மீண்டும் தொடர வழிசெய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. வாரக் கூட்டங்களை இனிக் கைப்பேசிச் செயலி வழியாக நடத்துமாறு தங்கள் அலுவலகம் அனுப்பிய சுற்றறிக்கை.
2. இது குறித்து நான் நேரில் வந்து சொன்ன வேண்டுகோளும், அதற்கு முன்மேசை எழுத்தர் சிரித்த சிரிப்பும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கீழ்க்காணும் விவரங்களைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

1. மேற்படி குழு தொடங்கிய நாள்தொட்டு நான் அதில் உறுப்பினர். மணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஒருவர் தொலைவில் குடும்பத்துடன் இருக்கிறார். நல்லவர், வேலை அதிகம். என் வீட்டின் முன்னறைதான் கடை. ஜிப் மாற்றுவது, கால்சட்டை நீளம் குறைப்பது, இடுப்பைத் தளர்த்துவது என் தொழில். வாடிக்கையாளர்கள் துணியைக் கொடுத்து “எப்ப கிடைக்கும்?” என்பார்கள், நான் நாள் சொல்வேன், அத்துடன் பேச்சு முடிந்தது. மற்ற நேரமெல்லாம் என் வீட்டில் வாய் ஓயாமல் பேசுவது தையல் இயந்திரம் மட்டுமே. கூட்டம் நடக்கும் புதன்கிழமைதான் நான் மனிதர்களோடு உட்கார்ந்து பேசும் நாளாக இருந்தது. இரக்கம் வேண்டி இதை எழுதவில்லை. பின்னால் வருவது விளங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

2. எங்கள் குழுவின் வழக்கம் ஒன்று தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நூலகத்தின் பின்னறையில் விரிப்பைப் போட்டு வட்டமாக உட்காருவோம். அவரவருக்கு ஓர் இடம் உண்டு. யாரும் ஒதுக்கித் தரவில்லை, தானாக அமைந்தது. ஒருவர் வராவிட்டால் அவருடைய இடத்தை மற்றவர்கள் நகர்ந்து அடைக்கக் கூடாது. கூட்டம் கலைந்ததும் இருவர் நேரே அவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பியிருந்தாலும் போவோம்; சொல்லியனுப்பினால் இன்னும் வேகமாகப் போவோம். ஒருமுறை தலைவலி என்று சொன்ன காய்கறிக்கடை அக்கா, காலை நீட்டி உட்கார்ந்து தொலைக்காட்சியில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். போன இருவரும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள். அடுத்த கூட்டத்தில் “அக்கா, தலைவலிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, இல்ல மாமியார் இன்னும் ஒத்துக்கலையா?” என்று கேட்டே அவரை ஒரு வழி பண்ணிவிட்டோம். இந்த வழக்கத்துக்கு எங்களிடையே ‘வராதவர் வீடு’ என்று பெயர். தங்கள் விதிப் புத்தகத்தில் இது இல்லை.

3. தங்கள் அலுவலக ஆண்டறிக்கையில் எங்கள் குழுவின் சாதனைகளாக மூடப்பட்ட சாக்கடை, சந்து விளக்கு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை ஆகியவை அச்சாகியுள்ளன. அறிக்கையில் பொய் இல்லை. ஆனால் இவை எப்படித் தொடங்கின என்பது அதில் இல்லை. சலவைக்கார அம்மா கூட்டத்துக்கு வரவில்லை என்று போய்ப் பார்த்தோம். அவர் வாசலில் சாக்கடை நீர் தேங்கி, பலகை போட்டுத் தாண்டிக்கொண்டிருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “நம்ம வீட்டு நாத்தத்த ஊருக்குச் சொல்லிக்கிட்டா இருப்பாங்க?” என்றார். மருத்துவமனை ஆயா வராமல் நின்றது சந்தின் இருட்டுக்குப் பயந்து என்பது, அவரைப் பார்க்கப் போன இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு திரும்பியபோதுதான் எங்களுக்கு உறைத்தது. பிள்ளை பெற்றிருந்த ஒருத்திக்குக் குழந்தையை விட்டுவிட்டு வர ஆளில்லை. அவளுக்காகக் கூட்டத்தையே அவள் வீட்டில் நடத்தினோம், பிறகு தங்களுக்கு மனு எழுதி அந்த அறையை வாங்கினோம். அந்த மனுவையும் எழுதியது நான்தான்.

ஐயா, கூட்டத்துக்கு வருபவர்கள் ஒருபோதும் தங்கள் குறையைச் சொன்னதில்லை. நல்ல துணியாக உடுத்தி, தலைவாரி வந்து, “எல்லாம் நல்லாத்தான் போகுது” என்பார்கள். வராதவர்கள்தாம் எங்களுக்கு வேலை கொடுத்தார்கள். இந்தத் தெருவில் எங்கள் குழு செய்த நல்லது ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தி வராததால்தான் தொடங்கியது.

4. எங்கள் இன்றைய தலைவி பேக்கரியில் மாவு பிசையும் வேலை பார்ப்பவர். பல ஆண்டுகளுக்கு முன் அவர் வராத ஒரு புதன்கிழமை, நானும் சலவைக்கார அம்மாவும் போய்த் தட்டினோம். கதவைத் திறந்தவர், கணவர் அடித்து வீங்கிய கன்னம் தெரியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அன்றே அவரை அழைத்து வந்துவிட்டோம்; வேலை கிடைத்துத் தனி வீடு பார்க்கும்வரை என் முன்னறையில் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டார். இதை அவரே புது உறுப்பினர்கள் முன் எத்தனையோ முறை சொல்லியிருப்பதால் இங்கே எழுதுகிறேன். அந்தக் காலத்தில் என் வீட்டில் இரண்டு தட்டு கழுவ வேண்டியிருந்தது. அதை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

5. பார்வை ஒன்றில் கண்ட சுற்றறிக்கை வந்தபின் நூலக அறைக்கு நாங்கள் போவதில்லை. குறித்த நேரத்தில் அவரவர் வீட்டிலிருந்தே கைப்பேசியில் வருகைப் பொத்தானை அழுத்துகிறோம். ஒருவர் அழுத்தினால் மற்ற எல்லார் கைப்பேசியிலும் ஒரு மணி அடிக்கும். அனைவரும் அழுத்திவிட்டால் குழு பச்சை, ஒருவர் குறைந்தாலும் சிவப்பு. தொடர்ந்து பச்சையாக இருக்கும் குழுவுக்கு ‘முன்மாதிரிக் குழு’ என்ற பலகை தரப்படும் என்றும் அறிவித்திருந்தீர்கள். பலகை வரட்டும் என்று எங்களில் எல்லாருக்கும் ஆசைதான். எனக்கும் இருந்தது.

6. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை நண்பகல், கடைக் கதவைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனேன். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. எழவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. கத்தினேன். தெருக்கோடி வீடு, மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்து போய் நாளாகிறது. கைப்பேசி முன்னறையில் தையல் இயந்திரத்தின் மேல் இருந்தது. இயந்திரச் சத்தத்தில் கேட்க வேண்டுமென்று மணியை உச்சத்தில் வைத்திருப்பேன். கூட்ட நேரம் வந்ததும் அது அடிக்கத் தொடங்கியது.

ஒவ்வொரு மணிக்கும் ஒருத்தி வந்துவிட்டாள் என்று தெரிந்தது. இது காய்கறிக்கடை அக்காவாக இருக்கும், இது ஆயாவாக இருக்கும் என்று தரையில் கிடந்தபடி நினைத்துக்கொண்டேன். இன்னும் சற்று நேரத்தில் நான் மட்டும் இல்லை என்பது தெரிந்துவிடும், யாராவது இருவர் புறப்படுவார்கள் என்று எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை. அந்த நம்பிக்கையில் வலி கூடக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படி இருந்தது. பிறகு மணி நின்றது. யாரும் வரவில்லை.

7. பொழுது சாய்ந்து, விடிந்தும் விட்டது. என்னைத் தேடி ஒருவரும் வரப்போவதில்லை என்பது அதற்குள் எனக்குத் தெளிவாகிவிட்டது. ஆனால் இந்தத் தெருவில் தண்ணீரை வீணாக்கினால் சண்டைக்கு ஆள் வரும். அந்தப் பழக்கத்தையும் எங்கள் குழுதான் வீடு வீடாகச் சொல்லி ஏற்படுத்தியது. எனவே துண்டைச் சுருட்டி, கையருகே இருந்த தண்ணீர் வடியும் தரைத்துளையை அடைத்துவிட்டு, கைக்கு எட்டிய குழாயை முழுவதும் திறந்துவிட்டேன். தண்ணீர் முன்னறை வழியாக, வாடிக்கையாளர்களின் துணி மூட்டைகளை நனைத்துக்கொண்டு, கதவடியில் தெருவுக்குப் போனது. “யாரு வீட்டுத் தண்ணி இது? கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா?” என்று எதிர்வீட்டு வாத்தியார் கத்திக்கொண்டே வந்தார். அந்தத் திட்டைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவை உடைத்து என்னைத் தூக்கியவரும் அவரே. அவருக்கு இம்மனுவின் வாயிலாக நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

8. மருத்துவமனைக் கட்டிலில்தான் கைப்பேசியைப் பார்த்தேன். அன்றைய கூட்டத்துக்கு எங்கள் குழு பச்சை. ‘அனைவரும் வருகை. வாழ்த்துகள்’ என்று தங்கள் அலுவலகச் செய்தி வந்திருந்தது. என் பெயருக்கு நேரே நான் வந்ததாகக் குறி இருந்தது. நான் கேட்ட மணிகளில் ஒன்று எனக்காகவே அடித்திருக்கிறது.

அழுத்தியவர் தலைவி. உறுப்பினர் மறந்துபோனால் தலைவியின் கைப்பேசியிலிருந்தே அழுத்தும் வசதி செயலியில் உள்ளது. என்னைப் பார்க்க வந்தபோது அவர் மறைக்கவில்லை. “தையல் வேலை மும்முரத்துல இருப்பீங்க, உங்களால குழு சிவப்பாயிட்டா உங்களத்தானே எல்லாரும் சொல்லுவாங்க, அதனாலதான் அக்கா நானே போட்டேன்” என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விம்மினார். என்மேல் உள்ள பிரியத்தால் செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. வேறு பலருக்காகவும் அப்படி அழுத்தியிருக்கிறார், அவர்களும் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்படவும் ஓர் ஆள் வேண்டும். இங்கே அப்படி யாரும் இல்லை.

9. நடக்க முடிந்ததும் தங்கள் அலுவலகத்துக்கு வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்தேன். முன்மேசை எழுத்தர் மரியாதையாகவே பேசினார். வராதவரை வந்ததாக மாற்றச் செயலியில் இடமுண்டு, வந்தவரை வராதவராக மாற்ற இடமில்லை என்று விளக்கினார். “வந்ததா போடுங்கன்னுதான்மா எல்லாரும் வந்து நிப்பாங்க. வரலன்னு போடச் சொல்லி வந்தது நீங்க ஒருத்தர்தான்” என்று சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வீடு வந்து சேர முடிந்தது.

10. நான் மனு எழுதப்போவது குழுவில் தெரிந்துவிட்டது. பலகை கைநழுவிவிடும் என்ற வருத்தம் அவர்களுக்கு. காய்கறிக்கடை அக்கா தெருவில் நின்றே, “அதான் பொழச்சிட்டல்ல, அப்புறம் என்ன?” என்று கேட்டுவிட்டுப் போனார். பிழைத்தேன், உண்மைதான். முதலிரண்டு வாரம் ஆள் மாற்றி ஆள் கஞ்சி கொண்டுவந்தவர்கள் இப்போது வருவதில்லை. தலைவி மட்டும் வேலைக்குப் போகும் வழியில் சன்னலைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். நான் கையசைத்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். இம்மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டால் எல்லாரும் பழையபடி ஆகிவிடுவார்கள். அப்படிச் செய்துவிடலாமா என்று எனக்கே பலமுறை தோன்றியது. எனக்கு இவர்களை விட்டால் வேறு யாருமில்லை ஐயா. ஆனால் எங்களில் தனியாக இருப்பவள் நான் மட்டும் அல்ல. சலவைக்கார அம்மாவின் மகள் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஆயாவுக்கு முட்டியில் வலி தொடங்கிவிட்டது. புதன்தோறும் அவர்கள் பெயருக்கு நேரே பச்சைக் குறி விழுகிறது. அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியாது, தங்களுக்கும் தெரியாது.

ஆகவே ஐயா அவர்கள் தயைகூர்ந்து,

அ) மேற்படி நாளில் நான் கூட்டத்துக்கு வரவில்லை என்று பதிவு செய்யவும். அதனால் குழு சிவப்பானால் அதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. பலகை கிடைக்காவிட்டால் அந்தப் பழியும் என்னைச் சேரட்டும்.

ஆ) தலைவி மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம். விளக்கக் கடிதம்கூடக் கேட்க வேண்டாம். அவர் பயந்த சுபாவம்.

இ) ஒருவருக்காக மற்றொருவர் வருகை அழுத்தும் வசதியை நீக்கி உத்தரவிடவும்.

ஈ) நூலகத்தின் பின்னறையைப் புதன்கிழமைகளில் மீண்டும் எங்களுக்குத் திறந்துவிடவும். பொத்தானும் இருந்துவிட்டுப் போகட்டும். நாங்கள் விரிப்பில் உட்கார்ந்துகொண்டே அழுத்திவிடுகிறோம். வராதவர் இடம் எங்கள் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

உ) குழு சிவப்பாவது குற்றமில்லை என்றும், எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அது சொல்கிறது என்றும் எல்லாக் குழுக்களுக்கும் ஒரு வரி எழுதி அனுப்பவும்.

இம்மனு மீது தாங்கள் எடுக்கும் முடிவைக் கைப்பேசிச் செய்தியாக அனுப்ப வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முடிவு எனக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் அதைச் சொல்ல ஓர் ஆளை அனுப்பவும். வருபவர் கதவைத் தட்டிவிட்டு, பதில் இல்லையே என்று உடனே திரும்பிவிட வேண்டாம். நான் எழுந்து, வாக்கரைப் பிடித்து, முன்னறைக்கு வந்து சேரச் சற்று நேரமாகும். அதுவரை தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லவும், கேட்டுக்கொண்டே வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிவின்படி வந்தவளும்,
உள்ளபடி வராதவளுமான,

(கையொப்பம்)
துணி திருத்தும் தையற்காரி

இடம்: தையற்கடை முன்னறை
நாள்: புதன்கிழமை, கூட்ட நேரம்