நீலக் கோடு போட்ட வீடு

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். முட்டிவலி பழைய இடத்திலேயே இருக்கிறது, ரத்த அழுத்த மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன், நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். போன வாரம் போனில் "என்னப்பா, வீட்டைப் போய்ப் பாத்தீங்களா இல்லையா, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க" என்று மூன்று தடவை கேட்டாய். நான் ஏதேதோ சொல்லிப் பேச்சை மாற்றினேன். இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே எனக்குக் குரல் கம்மிவிடும், நீ பயந்துபோய் மாப்பிள்ளையை எழுப்புவாய். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நீ அங்கிருந்தே போட்டோவைப் பார்த்து வாங்க நினைக்கிற வீட்டைப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. தெரிய வேண்டியது முதல் தடவையே தெரிந்துவிட்டது, மீதி மூன்று தடவையும் சும்மாதான் போனேன். அங்கே பேச ஆள் இருக்கிறது. விற்கிற அம்மாள் டீ கொடுப்பார், புரோக்கர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். இங்கே நான் டிவியைப் போட்டுவிட்டு அடுத்த அறையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன், யாரோ பேசுகிற சத்தம் கேட்டால் போதும் என்று. உன் அம்மா போனதும் பெரிய குக்கரைப் பரணில் ஏற்றினேன், இப்போது சின்ன குக்கரே பெரியதாகத் தெரிகிறது. சரி, அதை விடு, உன் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

துறைமுகத்துப் பழைய தெருவில் அந்த வரிசை முழுவதும் அரசாங்கத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. போட்டோவில் நீ பார்த்த ஜன்னல்கள் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் ஒரு கதவு உளுத்துப்போனால் அதே மரம், அதே அளவு, அதே நிறத்தில்தான் மாற்ற வேண்டும். அதற்கும் மனுப் போட்டு, ஆபீசர் மனசு வைத்து வந்து பார்க்கிற வரை பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பக்கத்து வீட்டு வாத்தியார் எட்டு மாதம் அப்படி இருந்திருக்கிறார். புரோக்கரைக் கேட்டால் "அதெல்லாம் சும்மா ஒரு கையெழுத்து சார், நம்ம ஆளு இருக்காரு" என்கிறார். அந்த ஆள் எங்கே என்றால் ரிட்டயர் ஆகிவிட்டாராம். இந்த மாதிரி வீட்டைப் பற்றி எதைக் கேட்பதானாலும் பக்கத்து வீட்டில் கேள், விற்கிறவரிடமும் புரோக்கரிடமும் கேட்காதே. சும்மா போனதில் ஒரு நாள் பௌர்ணமி, தெருக்கோடிச் சாக்கடை வழியாகக் கடல்தண்ணீர் ஏறி இரண்டாவது படி வரை நனைந்திருந்தது. வாத்தியார் வீட்டில் கீழ்த்தளத்தில் பிளக் பாயிண்ட் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, ஏன் என்று நான் கேட்கவே இல்லை. இன்சூரன்ஸ்காரர்கள் அந்தத் தெருப் பெயரைச் சொன்னாலே "பாத்துட்டு சொல்றோம்" என்கிறார்கள். அதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் விசாரிக்க வேண்டும், கொடுத்த பிறகு விசாரித்து என்ன பயன். கதவுக் கீலிலிருந்து மாடிக் கம்பி வரை துரு. பத்து வருஷம் தாங்குகிற இரும்பு அங்கே மூன்று வருஷம்தான்.

இதெல்லாம் கூட இருந்துவிட்டுப் போகட்டும், சரிசெய்துகொள்ளலாம். சுவரைத்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

போட்டோ பார்த்துவிட்டு நீ என்ன எழுதினாய், ஞாபகம் இருக்கிறதா? உத்தரத்துக்குக் கீழே நீலமாக ஒரு கோடு ஓடுதுப்பா, ஏனோ நம்ம பழைய வீட்டு ஞாபகம் வருது, என்று எழுதியிருந்தாய். வரத்தான் செய்யும். அந்தக் கோடு நான் போட்டது. நம் வீட்டுக்கானாலும் வேறு எந்த வீட்டுக்கானாலும் பெயிண்ட் அடித்தால் கடைசி நாள் நானே ஏணியில் ஏறி, இரண்டு விரல் அகலத்துக்கு அப்படி ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் இறங்குவேன். நீ நான்காவது படிக்கும்போது அந்த வரிசையில் பதினோரு வீடு என் காண்டிராக்ட். உனக்குச் சைக்கிள் வாங்கியது அந்த வருஷம்தான்.

அவை சுண்ணாம்புச் சுவர். கடல்காற்று ஈரத்தை உள்ளே வாங்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும், இருநூறு வருஷம் அப்படித்தான் நின்றிருக்கிறது. என்னோடு சாரம் கட்டுகிறவர் அப்போதே சொன்னார், "அண்ணே, இதுக்கு வெள்ளையடிச்சா போதும், பிளாஸ்டிக் பெயிண்ட் வேணாம்ணே" என்று. நான் கேட்கவில்லை. பளபளப்பாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, மூன்று கோட் அடித்து, சுவரின் வாயை நானே அடைத்துவிட்டேன். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் இத்தனை வருஷமாக உள்ளேயே அரித்திருக்கிறது. விற்கிறவர்கள் மேலே புதுசாக ஒரு கோட் அடித்து வைத்திருக்கிறார்கள், கோடு மட்டும் அழகாக இருக்கிறது என்று அதை விட்டுவைத்திருக்கிறார்கள். பின்னறையில் முழங்காலுக்குக் கீழே கையை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. உப்பும் மணலுமாகக் கொட்டியது. விற்கிற அம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், துடைத்துக்கொள்ளத் துணி எடுத்துக் கொடுத்தார்.

நீ எங்கே எந்தக் கடற்கரையில் பழைய வீடு பார்த்தாலும் புதுப் பெயிண்ட் வாசனை வந்தால் சந்தோஷப்படாதே, குனிந்து கையை வை. முடிந்தால் ஒரு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்கு. இந்த வீடு வேண்டாம் அம்மாடி.

இன்னொன்றும் இருக்கிறது. "வாங்கினா கீழே பின்னறை உங்களுக்குப்பா, நாங்க மாடியில, ஊருக்கு வந்துட்டா இனிமே வெளிநாட்டுக்குத் திரும்பிப் போறதா இல்ல" என்று நீ சொன்னாய் பார், அதைக் காதில் வைத்துக்கொண்டுதான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் டேப்பை எடுத்து என் கட்டில் எங்கே வரும் என்று அளந்தேன். ஜன்னல் பக்கம் சரியாக வந்தது, பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அங்கிருந்தே தெரியும். அதன் பிறகுதான் சுவரைத் தொட்டேன். நாற்பது வருஷ பெயிண்டர் முதலில் தொட வேண்டிய இடத்தைக் கடைசியில் தொட்டேன். வீட்டுக்கு வந்து, வீடு நன்றாக இருக்கிறது, யோசிக்காமல் வாங்கு என்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். ஆறு நாள் டிவி மேலே கிடந்தது. பேத்திக்கு மூச்சு இழுக்கும் என்று நீ சொன்னது ஏழாவது நாள்தான் எனக்கு உறைத்தது. அந்த ஈரத்தில் அவளைத் தூங்க வைக்கவா கூப்பிடப் பார்த்தேன் என்று இருந்தது. கிழித்துவிட்டேன். அப்பாவை மன்னித்துவிடு, அந்த ஆறு நாளுக்கும் சேர்த்து.

பேத்திக்கு என் முத்தங்கள். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். அவளுடைய மருந்து டப்பாவைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வை, பீரோ மேலே வைக்காதே. அப்புறம், நான் வேண்டாம் என்று எழுதியிருப்பது வீட்டை மட்டும்தான். வர வேண்டாம் என்று எங்கேயும் எழுதவில்லை, இன்னொரு தடவை சரியாகப் படித்துப் பார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா