மிதந்த காந்தமும் கம்பளித் தொப்பியும்

அம்மா, பேராசிரியர் கோங் என்னைக் கையுறைகூட இல்லாமல் விஷம் அரைக்க வைத்தார். பயப்படாதீர்கள், நலம்தான். அப்பாவின் மூட்டுவலி தேவலையா?

அந்த விஷம் தாலியம் என்ற உலோகம்; அதன் ஆக்சைடையும் செம்பு ஆக்சைடையும் கல்வத்தில் அரைத்துக் கறுப்பு வில்லையாகச் சுட்டேன். திரவ நைட்ரஜனில் குளிர்ந்ததும் அதில் மின்தடையே இல்லை. மேலே வைத்த காந்தம் அந்தரத்தில் நின்றது. மறுவாரம் என் தலைமுடி கொத்தாக உதிர்ந்தது.

“தங்கச்சி, பிக்குணி ஆயிட்டியா?” என்று சக மாணவன் லூ சிரித்தான்.

“முடிதானே, வளரும். அடுத்த வில்லை எப்போ?” என்றார் கோங்.

காது மூடும்படி ஒரு கம்பளித் தொப்பி பின்னி அனுப்புங்கள். துணிச்செருப்பு கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், பாதம் எரிகிறது.

நேற்று ஆய்வகம் பார்க்க வந்த பெய்ஜிங் விருந்தினர்கள் முன்னாலேயே கோங்கிடம் கேட்டுவிட்டேன்: “ஐயா, பொடி அரைக்க மூடின கண்ணாடிப் பெட்டி வாங்கிக் கொடுங்க.”

அவர் காந்தத்தை மறுபடி மிதக்கவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அரைக்கக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் ரூயுன்