முதல் காப்பு

3-2-2021
வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பெரியப்பா மகன் தனசேகரன் தன் நிலத்தைக் காற்றாலைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டான். அந்த நிலத்துக்கும் அம்சவள்ளி வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அடுத்த வீடு என்னுடையது. அந்த இரைச்சலில் எப்படிக் குடியிருப்பது? எம்.ஏ. படித்தவன் என்று பெயர். ஒருவனும் என்னிடம் யோசனை கேட்கவில்லை.

6-2-2021
மறியலுக்கு அனுமதி கேட்டு நானும் அம்சவள்ளியும் காவல் நிலையம் போனோம். "இடஒதுக்கீட்டு மறியலுக்கே போலீஸ் பத்தல. ரோட்டுல உக்காந்தா உள்ள வெப்பேன். கோயில் திருவிழான்னா சொல்லுங்க, பந்தோபஸ்து தரேன்" என்றார் ஆய்வாளர்.

வெளியே வந்ததும் அம்சவள்ளி பிடித்துக்கொண்டாள். "ஏதுண்ணா திருவிழா? முதல் காப்பு யாருக்குன்னு நீங்க பங்காளிங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கினுதான் ஆறு வருசமா நின்னு கெடக்குதே."

என் அப்பா கையில் கட்டிய காப்பு அது. அதைத் தனசேகரனுக்கு விட்டுக்கொடுப்பதா?

7-2-2021
காப்புக் கட்டினால், அவிழ்க்கும்வரை ஊர் எல்லைக்குள் மண்ணை வெட்டக் கூடாது. கட்டிக்கொண்டவன் நிலத்தில் கேட்கவே வேண்டாம். இது ஏன் நேற்றே தோன்றவில்லை?

9-2-2021
கோயிலில் ஊர் கூடியது. முதல் காப்பு தனசேகரனுக்கே என்றேன். "இன்னா தம்பி, இப்பனாச்சும் புத்தி வந்திச்சா?" என்று மீசையைத் தடவினான். சிரித்து வைத்தேன்.

16-2-2021
பூசாரி பிச்சைமுத்து மாரியம்மன் முன்னால் அவன் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். ஊரே குலவை போட்டது.

18-2-2021
குழி தோண்ட ஜேசிபி வந்தது. "காப்பு கட்டின ஊருய்யா இது. வெட்டலாமான்னு நெலத்துக்காரரையே கேளு. அவர் கையப் பாத்துட்டுக் கேளு" என்றாள் அம்சவள்ளி. ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. தனசேகரன் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டான். "காப்பு அவுக்கற வரைக்கும் வாணாம் சார்." ஓட்டுநர் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினான். தனசேகரன் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருக்கலாம்!

24-2-2021
வேலை ஏன் நின்றது என்று விசாரிக்கக் கோட்டாட்சியர் வந்தார். அம்சவள்ளி வீட்டு வாசலில் நின்று கம்பெனியின் வரைபடத்தை விரித்தார். "இதுல இந்த வீடுங்களே இல்லியே?" கம்பெனிக்காரர் வரைபடத்தைச் சுருட்டப் பார்த்தார்.

3-3-2021
உத்தரவு வந்துவிட்டது. வீடுகள் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால் காத்தாடி இங்கே கிடையாது. ஜெயித்தோம் — இல்லை, நான் ஜெயித்தேன்.

10-3-2021
சங்கராபுரம் பக்கம் வேறொரு ஊரில் காற்றாலைக்கு அளவுக் கல் நடுகிறார்களாம். அந்த ஊர்க்காரர்களுக்கு நடந்ததையெல்லாம் எழுதினேன். வரைபடத்தில் உங்கள் வீடுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள் என்றும். தனசேகரனைத் திட்டிய பத்தியை அடித்துவிட்டேன். பெயர் போட்டால், இடஒதுக்கீட்டுச் சண்டை நடக்கும் இந்த வருஷத்தில், எந்தச் சாதி ஆளுங்க என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். சொல்ல வந்த விஷயம் அங்கேயே நின்றுவிடும். கையெழுத்துப் போடாமலே நாளைக்குத் தபாலில் சேர்க்கிறேன்.