மூன்று இரவல் மிஷின்கள்

1969 ஆகஸ்ட் 11, திங்கள்
விடாத மழை. தாராவி முழுக்கச் சேறு. நனைந்துகொண்டே போய் மாதுங்கா பேங்கில் விண்ணப்பம் கொடுத்தேன். பேங்குகளை சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு, தோல்பை தைக்கிற என்னைப் போன்றவனுக்கும் கடன் உண்டாம். மூன்று வருஷத்துக்கு முன் இதே பேங்கில், தாராவி என்றதும் ஃபாரத்தைத் திருப்பித் தள்ளினார்கள். மறப்பேனா?

பக்கத்துப் பட்டறை கலீலுல்லாவுக்கும் நானே ஃபாரம் நிரப்பிக் கொடுத்தேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

ஆகஸ்ட் 20, புதன்
நாளை பேங்க் ஆபீசர் சுப்ரமணியன் பார்வையிட வருகிறார். என்னிடம் இருப்பது இரண்டே தையல் மிஷின். இதைப் பார்த்து எவன் கடன் கொடுப்பான்? கலீலுல்லாவின் மூன்றையும் ஒருநாள் இரவல் கேட்டேன். அவர் பட்டறையைப் பார்வையிட வருவதாக இன்னும் பேங்க் கடிதம் வரவில்லை.

"எடுத்துட்டுப் போவும் வே. இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போடுதீரு" என்று தானே ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இருக்கதக் காட்டுனா போதாதா?" என்கிறாள் என் மனைவி லூசியம்மாள். இவளுக்கு என்ன தெரியும்!

ஆகஸ்ட் 21, வியாழன்
சீ! நானும் ஒரு மனுஷனா?

கல்யாணக் கோட்டு போட்டு நின்றேன். "அஞ்சும் உங்களுதா?" என்றார் ஆபீசர். "ஆமா சார்." எழுதிக்கொண்டார். பிறகு பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். "கலீலுல்லா பட்டறை பக்கத்துலதானே? வந்ததுக்கு அதையும் பார்த்துட்டுப் போயிடறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே. பின்னாலேயே போனேன். அங்கே தரையில் மிஷின் நின்ற தடம்தான் இருந்தது.

"மூணு மிஷின்னு எழுதியிருக்கே, எங்கே?"

கலீலுல்லா என்னைப் பார்த்தார். நான் கோட்டுப் பொத்தானைப் பார்த்தேன்.

"ரிப்பேருக்குப் போயிருக்கு சார்."

"மூணுமா?"

ஆபீசர் எதையோ எழுதினார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் அந்த மனுஷன் தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 22
மிஷின்களைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தேன். "விடும் வே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 8, திங்கள்
இரண்டு பேருக்கும் கடிதம். எனக்கு: இத்திட்டம் மிகச் சிறிய பட்டறைகளுக்கு மட்டுமே, ஐந்து மிஷின் உள்ளவர் ஜாமீனோடு சாதாரணக் கடனுக்கு மனுச் செய்யலாம். பெரிய ஆளாகக் காட்டினேன் அல்லவா? நல்லா வேணும் எனக்கு.

கலீலுல்லா தன் கடிதத்தைப் பிரிக்காமல் என்னிடமே கொண்டுவந்தார். மிஷின் எதுவும் காணப்படவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது.

"என்ன வே போட்டிருக்கான்?"

"இன்னும் பரிசீலனையில இருக்காம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? அவர் சந்தோஷப்பட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு
சர்ச்சில் முழங்கால் போடவே கூசியது. லூசியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? சொல்ல வேண்டிய எடத்துல போய்ச் சொல்லுங்க" என்றாள்.

செப்டம்பர் 15
கோட்டு இல்லாமல் பேங்குக்குப் போனேன். சுப்ரமணியன் முழுவதும் கேட்டார். "ரெண்டு மிஷின்னு உண்மையைச் சொல்லியிருந்தா அன்னைக்கே உங்களுக்கு சிபாரிசு எழுதியிருப்பேன். இனிமே என்னால முடியாது. அவர் பட்டறையை மறுபடி வந்து பார்க்கறேன்" என்றார்.

சாயங்காலம் கலீலுல்லாவிடமும் சொன்னேன், கடிதத்தில் இருந்ததை. அன்று ஆபீசர் முன்னால் மாட்டிவிட்டதற்குக்கூட அசையாதவருக்கு, இதற்கு முகம் மாறிவிட்டது. "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுதான வே?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 3, புதன்
கலீலுல்லாவுக்குக் கடன் கிடைத்து, நாலாவது மிஷின் வந்து இறங்கியது. "ஆர்டர் நெருக்குனா நம்ம மிஷின்ல வந்து தையும் வே" என்றார். பழைய குரல்தான்.

மதியம் தபால்காரர் அவருக்கு ஒரு பேங்க் கடிதம் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் வாசலைத் தாண்டிப் போனார். தெருக்கோடி சலாவுதீனிடம் படிக்கக் கொடுக்கிறாராம்.